பெசோ என்றால் கம்பீரம்

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. இப்போதே கேட்டால் கிடைக்காது. முதலில் ஒரு புயல் அடிக்க வேண்டும். ஒரு ராஜா பட்டினி கிடக்க வேண்டும். விடங்கன் தன்னைப் புத்திசாலி என்று நினைத்துக்கொள்ள வேண்டும். கடைசியாகச் சொன்னதற்குக் காத்திருக்கவே வேண்டாம், அது தினமும் நடப்பது.

பவழத்துறை சபையில் ராஜாவைச் சிரிக்க வைப்பது விடங்கனின் உத்தியோகம். நாட்டிலேயே கூர்மையான மூளை தன்னுடையது என்பது அவன் கணிப்பு. அந்த மூளை இதுவரை அவனுக்கு நான்கு முறை யானைக் கொட்டடி கழுவும் வேலையையும், ஒரு முறை கழுதைச் சவாரியையும் வாங்கித் தந்திருந்தது. "ஊரே தெருவுக்கு வந்து பார்த்துச்சே, உங்களுக்கு வருமா அப்படிக் கூட்டம்?" என்று அதற்கும் பெருமை அடித்துக்கொள்வான்.

ஐப்பசிப் புயலில் ராஜா வீரகண்டர் கடலில் மாட்டிக்கொண்டார். "உயிரோட கரை சேர்ந்தா, என் எடைக்கு எடை வெள்ளி கரைக்காரங்களுக்கு!" என்று அலை அலையாக அலறினார். மீனவர்கள் போய் இழுத்து வந்தார்கள். ராஜா பிழைத்தார், அவர்களுடைய முப்பது வள்ளங்களும் நொறுங்கின.

கால் மணலில் பட்டதுமே ராஜாவுக்குக் கஞ்சத்தனம் திரும்பிவிட்டது. துலாபாரத்துக்கு நாற்பது நாள் தள்ளி நாள் குறித்தார். அன்றிலிருந்து கொள்ளுக் கஞ்சி மட்டும்தான். யானை மாதிரி இருந்தவர் குதிரை மாதிரி ஆனார். கொள்ளு கிடைக்காத குதிரைகள் ஆடு மாதிரி ஆயின.

கரையில் சூசையம்மா விடங்கனின் துண்டைப் பிடித்து நிறுத்தினாள். நொறுங்கிய வள்ளங்களில் ஒன்று அவளுடையது.

"ஏலே, ராசா எளைக்க எளைக்க எங்க வள்ளம் ஒவ்வொண்ணா போகுதே! இப்ப தராசுல நிறுத்தா, வெள்ளி இருபது வள்ளத்துக்குத்தான் தேறும். மிச்சம் பத்து வீடு மண்ணையா திங்கும்?"

"கவலைப்படாதே அக்கா. என் சாதுரியம் இருக்கு!"

"இருக்குல்லா. அதை நெனச்சுத்தாம்ல பயமாக் கெடக்கு."

விடங்கன் நேரே கப்பல்காரர்களின் பாஷை தெரிந்த துறைமுகத் துபாஷி சவரிராயரிடம் ஓடினான். மணிலாக் கப்பல் கொண்டுவந்த ஸ்பானிய வெள்ளிக்காசு ஒன்று அவர் கையில் இருந்தது. துலாபாரத்துக்கு அந்தக் காசுதான்.

"பெரியவரே, இதுக்கு ஏன் பெசோன்னு பேரு?"

"எடைன்னு அர்த்தம் தம்பி. கடலுக்கு அந்தாண்ட வெள்ளி வெட்டின காலத்துல எல்லா இடத்துலயும் காசு அச்சு ஏது? கட்டியை நிறுத்துத்தான் கொடுத்தாங்க, வாங்கினாங்க. அப்புறம் அச்சு வந்துச்சு, முத்திரை வந்துச்சு. பேரு மட்டும் எடைன்னே தங்கிப்போச்சு."

விடங்கனின் மூளையில் மணி அடித்தது. மறுநாள் சபையில் காசை உயரத் தூக்கிக் காட்டினான்.

"மகாராஜா! பெசோன்னா அவங்க பாஷையில என்ன தெரியுமா? கம்பீரம்!"

"அப்படியா?" ராஜாவின் குரல் பட்டினியில் ஓட்டைப் புல்லாங்குழல் மாதிரி கீச்சிட்டது.

"பாருங்க. கேடயம், மேல கிரீடம். இந்தப் பக்கம் ரெண்டு தூண். இப்படிப்பட்ட காசு ஒரு தட்டுல. எதிர்த் தட்டுல நீங்க ஒத்தை வேட்டியோட உட்காரலாமா? கப்பல்காரன் ஊருக்குப் போய், 'பவழத்துறையில ஒரு முருங்கைக்காயை நிறுத்தாங்க'ன்னு சொல்ல மாட்டானா?"

"தூணையும் கட்டிக்கணுமா?"

"வேண்டாம் மகாராஜா! தராசு தொங்கறதே ரெண்டு தூணுக்கு நடுவுலதானே. கிரீடம், கேடயம், கவசம், வாள் போதும்."

"சரி. எல்லாரும் கேட்டுக்குங்க, இது விடங்கன் யோசனை."

"முழுக்க முழுக்க என்னுடையது!" என்று நெஞ்சை நிமிர்த்தினான் விடங்கன்.

துலாபார நாளன்று ஒரு பாத்திரக்கடை நடந்து வருவதுபோல ராஜா வந்தார். பாட்டனாரின் இரும்புக் கவசத்தை மாட்டியிருந்தார். நாலு பேர் தூக்கித் தட்டில் வைத்தார்கள். எதிர்த் தட்டில் வெள்ளி கொட்டக் கொட்ட, ராஜா அசையவில்லை. சூசையம்மா வாய்விட்டு எண்ணினாள். "பதினெட்டு வள்ளம்... இருபது... இருபத்தஞ்சு..."

முப்பதில் ராஜா மெல்ல மேலே எழும்பினார்.

"கெட்டிக்காரம்லே நீ!" என்றாள் சூசையம்மா. விடங்கன் வானத்தில் மிதந்தான்.

தட்டில் தொங்கியபடியே ராஜா கேட்டார். "துபாஷி, பெசோன்னா என்ன?"

"எடைங்க, மகாராஜா."

மிதந்தவன் இறங்கினான்.

"எனக்கும் தெரியும்டா விடங்கா. இளவரசனா இருந்தப்போ சுங்கத் தராசுல ஏழு வருஷம் நின்னவன் நான். எவனும் இந்தக் காசுல கிரீடத்தைப் பார்த்து வாங்கினதில்லை. வெள்ளியைத் திருட எவனாவது ஓரம் வெட்டியிருப்பான், தேய்ச்சிருப்பான், தட்டுல போட்டாத்தான் உண்மை பேசும்."

"தெரிஞ்சேவா... இத்தனையும் மாட்டிக்கிட்டீங்க?"

"என்னைக் காப்பாத்தினவங்களுக்குக் குறையக் கூடாது பாரு. கொள்ளு குடிச்சதே வெட்கமாப் போச்சு. ஆனா கஜானாவுக்கும் குறையக் கூடாதே!" ராஜா கவசத்தை டங்கென்று தட்டினார். "உடம்பு என்னுது. அதுக்கு நான் தரேன். கம்பீரம் முழுக்க முழுக்க உன்னுது. அதுக்கு நீ தா. சம்பளத்துல பிடிச்சுக்கறேன்."

கடற்கரையே சிரித்தது. ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் மூக்குக்கு இறங்கியது. விடங்கன் மட்டும் விரல் மடக்கிக்கொண்டிருந்தான். கிரீடம் மூன்று வருஷம். வாள் நாலு வருஷம். கவசம்... ஐயோ, அடுத்த பிறவியிலும் சம்பளம் கிடையாது!

ஒரே தாவலில் தராசை எட்டினான். "மகாராஜா, கேடயம் கனக்குமே! கொஞ்சம் இறக்கி வைக்கட்டுமா?"

அவன் கையில் பளாரென்று ஓர் அடி விழுந்தது.

"தொட்டே, தொலைச்சுப்புடுவேன்!" என்றாள் சூசையம்மா. "அது என் வள்ளம்லே!"