காலுக்குச் சுற்றிய மல்லிகை

மழை தப்பாத ஒரு காட்டில், பயந்துபோன விலங்குகளுக்கும் கால் முடியாத விலங்குகளுக்கும் சிங்கராஜா ஓர் இல்லம் கட்டியிருந்தார். அதை நடத்தியது கரடி.

பக்கத்து மரத்தில் இடி விழுந்த நாள் முதல் புள்ளிமானுக்கு உடம்பெல்லாம் நடுக்கம். மற்ற விலங்குகளைப் போலவே அதன் காலையும் கரடி கொடியால் கட்டிப்போட்டது.

"அவிழ்த்து விடுங்கள் ஐயா," என்றது மான்.

"நடுக்கம் நிற்கட்டும், அவிழ்க்கிறேன்."

"கட்டிப்போட்டதால்தான் நடுங்குகிறேன்."

"பார், இன்னும் நடுங்குகிறாய்," என்று சொல்லிவிட்டுக் கரடி தூங்கப் போயிற்று.

பௌர்ணமிதோறும் இல்லத்தைச் சோதிக்க ஓர் அதிகாரி வருவார். கரடியின் மனைவிக்குத் தம்பி அவர். அன்று காலையில் எல்லாக் கொடிகள் மேலும் காட்டுமல்லிகை சுற்றுவார்கள். வாசனையில் மானுக்கு நாக்கு ஊறும். "வாய் வைக்காதே, அது அதிகாரிக்கு," என்று கரடி அதட்டும்.

"எல்லாரும் நலமா மச்சான்?" என்பார் அதிகாரி.

"நலம் மாப்பிள்ளை."

"காலுக்குக்கூடப் பூவா! என்ன கவனிப்பு," என்று எழுதிக்கொண்டு, தேனடையை நக்கிவிட்டுப் போவார். மானை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

ஒருமுறை தேன் அதிகமாகி அதிகாரிக்கு வயிறு கெட்டது. ராஜா அவருக்குப் பதிலாக ஆமையை அனுப்பினார். தாமதமாகிவிடுமோ என்று பயந்து சீக்கிரமே கிளம்பிய ஆமை, பௌர்ணமிக்குப் பத்து நாள் முன்பே வந்து நின்றது.

கரடி வாசலுக்கு ஓடிவந்தது. "ஆமையாரே, இன்னும் பூவே பூக்கவில்லை. போய்விட்டுப் பௌர்ணமிக்கு வாருங்கள்."

"போய்விட்டு வர இரண்டு மாதம் ஆகும். இங்கேயே இருக்கிறேன்," என்று மானின் பக்கத்தில் அமர்ந்தது ஆமை.

"இங்கே எல்லாரும் நலம்," என்றது கரடி, கேட்காமலே.

"நீங்கள் நலம், அது தெரிகிறது." ஆமை மானிடம் திரும்பியது. "உனக்கு என்னம்மா வேண்டும்?"

கேள்வி தன்னிடம்தான் என்று மானுக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. "காலை நீட்ட வேண்டும்," என்றது.

"அவிழ்த்தால் ஓடிவிடும்," என்றது கரடி.

"ஓடினால் நான் துரத்திப் பிடிக்கிறேன்," என்றது ஆமை.

கரடி குனிந்து முடிச்சில் கை வைத்தது. கொடி அவிழ்ந்தது. மான் ஓடவில்லை. ஓடைவரை நடந்து, தண்ணீர் குடித்து, திரும்பி வந்தது.

"நடுக்கம்?"

"பாதி போய்விட்டது."

ஆமை ஒவ்வொருவரையும் கேட்டது. ஒவ்வொரு கொடியாக அவிழ்ந்தது.

பௌர்ணமியன்று கரடி பழக்கதோஷத்தில் கூடை நிறைய மல்லிகையோடு வந்தது. சுற்றுவதற்கு ஒரு கொடியும் இல்லை.

மான் பூவைத் தின்றது.

நீதி: நலமா என்று கட்டியவனைக் கேட்காதே, கட்டுண்டவனைக் கேள், அதுவும் சொல்லாமல் போய்க் கேள்.