அம்மான் பச்சரிசிக்குப் பால் வந்த கதை

அந்தக் காலத்தில் பறவைகள் பேசும், புல் பூண்டு பேசும், பானையில் கிடக்கிற அரிசிகூட வாய் திறந்து பேசும். மனிதர்கள் காது கொடுத்துக் கேட்டுப் பதில் சொல்வார்கள். அப்போது ஒரு பொட்டல் காட்டில் பூவாயி என்று ஒருத்தி இருந்தாள்.

கண்ணுக்கு எட்டிய மட்டும் உடைமரமும் சரளைக்கல்லும்தான். நடுவில் ஒரே ஒரு குடிசை. அவள் புருசன் இருளப்பன் ஆட்டுக்காரன். மழை நின்று புல் காய்ந்ததும் ஆடுகளை ஓட்டிக்கொண்டு பச்சை இருக்கிற சீமைக்குப் போய்விடுவான், மறுமழைக்குத்தான் திரும்புவான். அந்த வருசம் அவன் கிளம்பும்போது பூவாயிக்கு ஏழு மாசம். ஆட்டு மணிச் சத்தம் தேய்ந்து மறைகிறவரை வாசலிலேயே நின்றிருந்துவிட்டு, உள்ளே வந்து ஒரு ஆளுக்கு மட்டும் உலை வைத்தாள்.

பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை. அரை நாள் நடை தூரத்து ஊரிலிருந்து வந்த மருத்துவச்சி ஐந்து நாள் கூட இருந்துவிட்டு, அடுத்த பிரசவத்துக்கு ஆள் வந்ததும் போய்விட்டாள். அதற்குப் பிறகு பூவாயியும் பிள்ளையும்தான்.

முதல் மாசம் ஒன்றும் தெரியவில்லை. பிறகுதான் அவளுக்குச் சந்தேகம் தட்டியது. பிள்ளை நாலு வாய் குடிக்கும், தூங்கிப்போகும். கீழே போட்டால் வீரிட்டு அழும். மறுபடி எடுத்தால் மறுபடி நாலு வாய். முன்னெல்லாம் துணி மாற்றி மாளாது. இப்போது காலையில் கட்டிய துணி உச்சிப்பொழுது வரை காய்ந்தே கிடந்தது. தொடையில் சதை பிடிக்கவில்லை. விரலால் தொட்டால் தோல் மட்டும் நகர்ந்தது.

அவளிடம் தண்ணீர் சுமக்கிற காவடித்தடி ஒன்று இருந்தது. அதன் நடுவில் கயிறு கட்டிக் குறுக்கே தொங்கவிட்டு, ஒரு முனையில் பிள்ளையைத் துணித்தூளியில் கட்டினாள். மறுமுனையில் பானையைக் கட்டி, தடி நேராக நிற்கிறவரை சிரட்டை சிரட்டையாகத் தண்ணீர் ஊற்றினாள். ஒன்பது சிரட்டை. எட்டு நாள் கழித்து மறுபடி ஊற்றிப் பார்த்தாள். ஒன்பது. இன்னும் எட்டு நாள் பொறுத்துப் பார்த்தாள். ஒன்பதாவது சிரட்டையை முழுதாகக் கவிழ்ப்பதற்குள் தடி பானைப் பக்கம் சாய்ந்துவிட்டது. கையில் மிச்சமிருந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

குடிசைக்குப் பக்கத்து உடைமரத்தில் ஏழு தவிட்டுக்குருவிகள் குடியிருந்தன. ஓயாமல் கத்துகிற கூட்டம். தினமும் வாசலில் இறங்கிப் பிள்ளையை எட்டிப் பார்க்கும்.

"என்ன, பிள்ளை இப்படி வத்திப் போயிருக்கு?"

"முருங்கைக்கீரை தின்னு."

"தண்ணிய நிறையக் குடி."

"குடிக்காதே, பால் நீர்த்துப்போகும்."

"கண்ணு பட்டிருக்கு. வேற ஒண்ணுமில்ல."

பூவாயி கேட்டுக்கொண்டாள். முருங்கைக்குப் பொட்டலில் எங்கே போவது? ஊற்றுக்கு ஒரு நடை போய்வரவே காலைப்பொழுது சரியாகிவிடும். பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு போவாள், வருவாள், வந்து மார் கொடுப்பாள். சாப்பிட்டோமா என்பது சாயங்காலம்தான் நினைவுக்கு வரும். அப்போது அடுப்பு மூட்டத் தெம்பு இருக்காது.

கடைசியில் ஒரு குருவி, கூட்டத்திலேயே இளையது, தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டது. "எங்க கூட்டுல ஒரு குஞ்சு பொரிச்சா ஏழு பேரும் சேர்ந்து ஊட்டுவோம். உனக்கு யாரு இருக்கா?"

அதுவரை அழாதவள் அப்போதுதான் அழுதாள்.

அவளுக்கு ஒரு அண்ணன் இருந்தான். சடையாண்டி என்று பெயர். இரண்டு நாள் நடைக்கு அப்பால், கண்மாய்க்கரை ஊரில் நெல் விளைவித்துக்கொண்டிருந்தான். ஆட்டுக்காரனைக் கட்டிக்கொள்வேன் என்று அவள் நின்றபோது, "வருசத்தில பாதி நாள் அவன் இருக்கமாட்டான். நாதியத்துக் கிடப்பே, பாத்துக்க" என்றான் அவன். "கிடந்தாலும் உன் வாசலுக்கு வரமாட்டேன்" என்றாள் இவள். மூன்று வருசமாகப் பேச்சு இல்லை. இப்போது சொல்லி அனுப்பினால், நீ சொன்னபடியே ஆயிற்று என்று அவன் காலில் விழுகிற மாதிரி. இந்த நினைப்பிலேயே ஒரு நாள் போனது. மறுநாள் காலையில் பிள்ளை அழவில்லை. அழத் தெம்பில்லாமல் வாயை மட்டும் திறந்து மூடியது.

பூவாயி வெளியே ஓடிவந்து உடைமரத்தைப் பார்த்துக் கத்தினாள். "எங்க அண்ணங்கிட்டச் சொல்லுங்க! எனக்குப் பால் பத்தலைன்னு சொல்லுங்க!"

தவிட்டுக்குருவிகளால் தொலைவு பறக்க முடியாது. ஆனால் சத்தம் போட அவற்றை மிஞ்ச ஆள் கிடையாது. பிள்ளை வாயை மட்டும் திறந்து மூடுவதையும் சேர்த்துச் சொல்லி ஏழும் கத்தின. அடுத்த மரத்துக் கூட்டம் கேட்டுக் கத்தியது. அதற்கடுத்த கூட்டம். மரத்துக்கு மரம் சேதி தாவி, அன்று பொழுது சாய்வதற்குள் கண்மாய்க்கரைக்குப் போய்விட்டது. வரப்பில் நின்ற சடையாண்டி கேட்டான். மண்வெட்டியைப் போட்டது போட்டபடி வீட்டுக்கு வந்தான். ஒரு மரக்கால் பச்சரிசியைப் பழைய வேட்டியில் முடிந்தான். கொஞ்சம் வெந்தயமும் நாலு பூண்டும் மடியில் செருகிக்கொண்டான். பிள்ளை பெற்றவளுக்குப் பச்சரிசிக் கஞ்சிதான் பால் ஊறக் கொடுப்பது என்று அவனுக்குத் தெரியும்.

இரண்டு நாள் நடையை அவன் ஓட்டமும் நடையுமாகப் போனான். மறுநாள் உச்சிப்பொழுது தாண்டித்தான் தோள் லேசாக இருப்பது உறைத்தது. மூட்டையை இறக்கிப் பார்த்தான். உடைமுள் கிழித்து வேட்டியில் ஒரு ஓட்டை. உள்ளே ஒரு கையளவு அரிசி. திரும்பிப் பார்த்தால், வந்த தடம் நெடுக வெள்ளை வெள்ளையாய் அரிசி கிடந்தது.

கீழே கிடந்த அரிசி கூப்பிட்டது. "அண்ணே, எங்களை விட்டுட்டுப் போறியே. உன் தங்கச்சிக்குப் பாலாகணும்னுதானே நாங்க கிளம்பினோம். திரும்பி வந்து பொறுக்கு."

சடையாண்டி நின்றான். ஒன்றொன்றாய்ப் பொறுக்கினால் பொழுது விழுந்துவிடும். ஓடினால் அந்திக்குள் போய்ச் சேரலாம். வெறுங்கையோடு போய் என்ன செய்வது என்று ஒரு கால் பின்வாங்கியது. பிள்ளை வாயை மட்டும் திறந்து மூடியது என்று குருவிகள் சொன்னது காதில் கேட்டது.

"நீங்க கிடங்க. நான் போறேன்" என்று சொல்லிவிட்டு ஓடினான்.

கையளவு அரிசியோடு அந்தியில் அவன் வந்து நின்றபோது, பூவாயி பிள்ளையை மாரில் போட்டபடி வாசலில் சாய்ந்திருந்தாள். அவனைப் பார்த்ததும் முதலில் அவளுக்குப் பயம்தான் வந்தது. அப்பவே சொன்னேனே என்று சொல்லப்போகிறான். அந்த ஒரு சொல்லைத் தாங்கிக்கொள்ள முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள்.

அவன் கையை விரித்துக் காட்டினான். "ஒரு மரக்கால் அரிசி கொண்டாந்தேன் தாயி. வழியில கொட்டிப்போச்சு. இவ்வளவுதான் மிச்சம்." அவன் கண் கலங்கியிருந்தது.

"அரிசி கிடக்கட்டும் அண்ணே. நீ உள்ள வா."

"பிள்ளையை இப்படிக் குடு. நீ எப்போ சாப்பிட்டே?"

அவளுக்கு ஞாபகம் இல்லை.

அவன் கஞ்சி காய்ச்சினான். பூண்டு பாதி வேகாமல், அடி பிடித்த கஞ்சி. அவள் வழித்துக் குடித்துவிட்டு, உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிப்போனாள். பிள்ளை சிணுங்கும்போதெல்லாம் எழுப்பாமல் அவள் பக்கத்தில் கொண்டுவந்து கிடத்தினான்; குடித்ததும் எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான். மறுநாளிலிருந்து ஊற்றுக்கு அவன்தான் போனான். மருத்துவச்சி ஊர் வரை நடந்துபோய்த் தானியமும் கீரையும் வாங்கி வந்தான். பூவாயிக்கு வேளா வேளைக்குச் சாப்பிடுவதும் பிள்ளையை மாரைவிட்டு இறக்காமல் வைத்திருப்பதும்தான் வேலை.

பால் உடனே வந்துவிடவில்லை. நாலாம் நாள் காலையில் எழுந்தபோது மாராப்பு நனைந்திருந்தது. அவள் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அன்று மதியம் பிள்ளை அம்மான் மடியை நனைத்தது. இருபதாம் நாள் சடையாண்டி காவடித்தடியில் தண்ணீர் ஊற்றினான். பதினோரு சிரட்டை கொண்டது.

அன்றுதான் அவன், "பயிர் களை எடுக்காமக் கிடக்கு, தாயி" என்றான். அவள் தலையை ஆட்டினாள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கொஞ்ச தூரம் கூடவே போனாள். அரிசி சிந்திய தடத்துக்கு வந்ததும் இருவரும் நின்றுவிட்டார்கள்.

உமி போன அரிசி முளைக்காது. நெல் விளைவிக்கிற சம்சாரி சடையாண்டிக்கு அது தெரியாததா? ஆனால் தடம் நெடுக முளைத்திருந்தது. நெல் பயிர் இல்லை. சிவந்த தண்டோடு தரையில் படிந்து கிடக்கிற சின்னச் செடி. இலைக்கு இலை நடுவில் குருணை அரிசியைக் கொத்தாக ஒட்டிவைத்த மாதிரி பூ. அவன் குனிந்து ஒரு தண்டைக் கிள்ளினான். பொட்டென்று வெள்ளையாய் ஒரு சொட்டு.

"நாங்கதான்" என்றது செடி. "பாலாகணும்னு கிளம்பினோம். பாலாயிட்டோம். கொஞ்சம் பிந்திப்போச்சு."

சடையாண்டி பிள்ளையின் தலையைத் தடவிவிட்டு நடந்தான். அவன் புள்ளியாகி மறைகிறவரை பூவாயி பார்த்துக்கொண்டிருந்தாள். மழை வர இன்னும் மூன்று மாசம் இருந்தது. பொட்டலில் காற்றைத் தவிர ஒரு சத்தமும் இல்லை. பிள்ளைக்குச் செடியைக் காட்டி, "இது உன் அம்மான் கொண்டுவந்த பச்சரிசி" என்றாள். பிறகு குடிசைப் பக்கம் திரும்பினாள்.

அன்று முதல்தான் அந்தச் செடிக்கு அம்மான் பச்சரிசி என்று பெயர். கிள்ளினால் பால் வருவதும், ஆள் நடக்கிற தடத்தை விட்டு நகராமல், எத்தனை கால் மிதித்தாலும் பொறுக்கிக்கொண்டு போக ஒரு கை வரும் என்று தரையோடு தரையாகக் காத்துக் கிடப்பதும் அன்று முதல்தான்.