அவிழ்ந்த பின்னல்

வேதியியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற ஆறுச்சாமி, அந்த வயதில் மறுபடி மாணவரானார். கோவையில் ஒரு நரம்பியல் ஆய்வுக்கூடம். அங்கே அவருக்குக் குரு கோதைநாயகி. அவர் மகளாக இருக்கக்கூடிய வயது.

ஏன் சேர்ந்தார் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். அவர் மனைவி ராமாத்தாள், “ஏனுங்க, நீங்க யாரு?” என்று அவரையே கேட்கத் தொடங்கியிருந்தாள். மூளைக்குள் டௌ என்ற புரதம் சிக்குப் பிடித்துவிட்டது என்றார் மருத்துவர். அன்று முதல் ஆறுச்சாமிக்கு டௌதான் எதிரி.

ஒரு நாள், பிறக்காத எலிக்குஞ்சின் நரம்புச் செல்களைத் தட்டில் வளர்த்துச் சாயம் ஏற்றினார். நோயுற்ற டௌவை மட்டும் காட்டும் சாயம் என்பது அவர் எண்ணம். தட்டு முழுக்கப் பச்சையாக ஒளிர்ந்தது. மீதித் தட்டுகளையும் சேர்த்துக் குப்பையில் கொட்டிவிட்டார்.

“அத்தனையும் நோய் புடிச்சதுங்க மேடம். டௌவே இல்லாத செல்லாத்தான் வளர்க்கோணும்.”

கோதைநாயகி தலையில் கை வைத்துக்கொண்டார்.

“நல்லாக் கொட்டுனீங்க போங்க! அது நோயில்லைங்க சார், வளர்ச்சி.”

“பச்சையா மின்னுச்சுங்களே!”

“நரம்புச் செல்லோட நீள வாலுக்குள்ள தண்டவாளம் மாதிரி இழைங்க இருக்கு. சேதி சொல்லத் தேவையான சரக்கெல்லாம் அதுமேலதான் போகுது. அந்த இழைகளைப் பிடிச்சுக்கிட்டு இருக்கிறது டௌ. கருவுல அதோட பிடி கொஞ்சம் தளர்ந்துதான் இருக்கும். தளர்ந்தாத்தானே வால் நீளும்? வளர்ந்து முடிஞ்சதும் திரும்ப இறுகிக்கும். உங்க சாயம் காட்டுனது அந்தத் தளர்வை.”

“நோயிலயும் தளர்வுதானுங்களே?”

“ஆமா. அங்க தளர்ந்து கழண்டதுதான் சிக்காகுது.”

“ரெண்டும் தளர்வுதான்னா நான் எதைத்தான் விரட்டுறது?”

கோதைநாயகி, ஆறுச்சாமியின் பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த புதுக் கத்தரிக்கோலைப் பார்த்தார்.

“இது எதுக்குங்க சார்?”

“ராமாத்தா தலை ஒரே சிக்கு. சீப்பு வெச்சா அழுவுறா. ஒட்ட வெட்டிரலாம்னு.”

“நானும் வீட்டுக்கு வர்றேன்.”

சாயங்காலம் ராமாத்தாளின் பின்னால் உட்கார்ந்து கோதைநாயகி எண்ணெய் தேய்த்தார். உச்சியிலிருந்து இழுக்கவில்லை. நுனியிலிருந்து, விரலாலேயே, ஒவ்வொரு சிக்காக எடுத்தார். ராமாத்தாள் அழவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள்.

“சின்னதுல உங்களுக்கு யாருங்கம்மா தலை பின்னிவிட்டது?”

“எங்கம்மா.” பட்டென்று வந்தது பதில். “கண்ணுல தண்ணி வர்ற மாதிரி இழுத்துப் பின்னுவா.”

“தினமும் அவுப்பாங்களா?”

ராமாத்தாள் சிரித்துவிட்டாள். “நல்லாக் கேட்டே போ! அவுக்காம எப்படிடீ பின்னுறது?”

ஆறுச்சாமி கத்தரிக்கோலுடன் நின்றுகொண்டிருந்தார். அவள் சிரித்துப் பார்த்து வெகு நாளாயிற்று. கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுத் தணிந்த குரலில் கேட்டார்.

“நோயில அவுந்தது அவுந்தபடியே கெடக்குது. திரும்பப் பின்ன ஒரு கை வரலீன்னா மேடம்?”

கோதைநாயகி பாதி பின்னிய சடையை அவர் பக்கம் நீட்டினார்.

“அதுக்குத்தானே சார் நீங்க வந்திருக்கீங்க.”