தளவாய் வீட்டைத் தாண்டிய யானை

முன்னொரு காலத்தில், நம் ஊர் எந்த நாட்டில் இருக்கிறது என்று ஜனங்கள் தினமும் காலையில் எழுந்து விசாரிக்க வேண்டியிருந்தது. மானபூஷண ராஜா செய்த வேலை அது. சண்டை என்றால் அவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். ஒவ்வொரு போரிலும் ஜெயித்ததும் ஒரு பெண் யானையை நடத்துவார்கள். அது நடந்த தடம்தான் புது எல்லை. தடத்துக்கு வெளியே இருப்பதெல்லாம் பகைவர் நிலம். மறுநாள் படை போய்க் கொளுத்திவிடும்.

நாலாவது போரும் முடிந்தது. "எல்லை ஆற்றோடு நிற்கட்டும், அக்கரையைக் கொளுத்துங்கள்" என்றார் ராஜா.

அக்கரையில்தான் கொன்றைக்குளம். அரசவை விகடன் சடையாண்டியின் தங்கை வடிவம்மை அங்கே வாழ்க்கைப்பட்டிருந்தாள். முந்தைய போர்களில் இரண்டு முறை வீட்டைப் பறிகொடுத்தவள். இந்த முறை விடுவதில்லை என்று சடையாண்டி பல்லைக் கடித்துக்கொண்டான்.

படையை நடத்தும் தளவாய் கொண்டல்ராயருக்கு அவனைக் கண்டாலே ஆகாது. "யானையை இம்முறை சடையாண்டியே நடத்தட்டும், மகாராஜா. தங்கை ஊரை உள்ளே இழுக்க அது ஆற்றில் கால் வைத்தால் அவன் தலையை வாங்கிவிடலாம்" என்றார்.

"நடத்துகிறேன்" என்றான் சடையாண்டி. "ஆனால் யானை போன தடத்தைப் பிறகு யாரும் மாற்றக் கூடாது."

"என் வாள் மேல் ஆணை, மாற்ற மாட்டேன்" என்றார் ராஜா.

பொழுது விடிந்தது. யானை ஆற்றில் நகம்கூட நனையாமல் இக்கரையோடு நடந்தது. கரையோரத்தில் தளவாயின் மாளிகை வந்தது. சடையாண்டி யானையைத் திருப்பி, மாளிகையை எல்லைக்கு வெளியே ஒதுக்கிவிட்டு மேலே நடத்தினான்.

சாயங்காலம் தளவாய் மூச்சிரைக்க அரசவைக்கு ஓடி வந்தார். "அடப் பாவி, என் வீடு வெளியே போய்விட்டதே."

"ஆமாம், தளவாய் அவர்களே. இனி அது பகைவர் நிலம். காலையில் நீங்களே பந்தம் பிடித்துக்கொண்டு முன்னால் போங்கள்."

"உள்ளே என் ஆத்தா இருக்காடா."

சடையாண்டிக்குச் சிரிப்பு வரவில்லை. "கொன்றைக்குளத்திலும் ஆத்தாக்கள் இருக்கிறார்கள்" என்றான்.

தடத்தை மாற்றச் சொல்ல ராஜா வாயெடுத்தார். ஆணை நினைவுக்கு வந்தது, மூடிக்கொண்டார். தளவாய் தடாலென்று காலில் விழுந்தார். "மகாராஜா, வெளியே இருப்பதைக் கொளுத்தும் வழக்கத்தையே நிறுத்திவிடுங்கள்."

அந்த வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சா? ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். வழக்கத்தை அன்றோடு ஒழித்தார். கழுத்து முத்துமாலையைச் சடையாண்டிக்குப் போட்டு, "வேறென்ன வேண்டும், கேள்" என்றார்.

"இந்தச் செய்தியை அக்கரைக்குத் தளவாயே போய்ச் சொல்லட்டும், மகாராஜா."

மறுநாள் காலையில் தளவாய் ஆற்றைக் கடந்தார். அவர் தலையைக் கண்டதும் கொன்றைக்குளமே மூட்டை முடிச்சோடு ஓட்டம் பிடித்தது. "நில்லுங்கள், கொளுத்த வரவில்லை" என்று கத்திக்கொண்டே மனிதர் பொழுது சாயும்வரை பின்னால் ஓடினார்; ஒருவர்கூட நம்பவில்லை.