உப்பளத்துக்காரியும் நாலு கோட்டிங்கும்

உப்பளத்தின் வெள்ளை வெளிச்சத்தில் கண் கூசிக் கூசி, பேச்சித்தாய் வேலை முடிந்த கையோடு தூத்துக்குடி கண்ணாடிக் கடைக்குப் போய், பவர் வைத்த கூலிங் கிளாஸ் கேட்டாள்.

"நாலு கோட்டிங் போடாமல் தரமாட்டேன்," என்றார் முதலாளி அருமைராஜ்.

"கோட்டியா?" அந்த ஊரில் பைத்தியத்துக்கு அதுதான் பெயர்.

"கோட்டிங். பூச்சு. என் கண்ணாடியிலும் இருக்கு. மண்ணள்ளித் தேய்த்தாலும் கீறல் விழாது."

பேச்சித்தாய் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு பிடி கல்லுப்பை நீட்டினாள். "மண்ணு எதுக்கு அண்ணாச்சி? இதைத் தேச்சுக் காட்டுங்க, நாலும் வாங்கிக்கிடுதேன்."

முதலாளியின் கை தன் கண்ணாடியை இறுகப் பிடித்துக்கொண்டது.

"பவரும் கறுப்பும் மட்டும் போடுங்க," என்றாள் அவள். "நாலு கோட்டிங்குக்கும் தலையாட்ட நான் என்ன கோட்டியா?"