ஏற்றத்துக்கு மட்டும் பவர் ஸ்டீயரிங்

கரட்டுமேட்டுச் சடையாண்டியின் பழைய பிக்கப் வண்டியைத் திருப்ப மூன்று ஆள் வேண்டும். அவன் ஸ்டீயரிங்கைப் பிடித்துத் தொங்குவான். இடது வளைவென்றால் தம்பி ஒச்சப்பனும், வலது வளைவென்றால் மச்சினன் மொக்கையனும் ஸ்டீயரிங்கில் கட்டிய கயிற்றை இழுப்பார்கள். ஒருமுறை இரண்டு பேரும் சேர்ந்து இழுத்துவிட்டார்கள். வண்டி எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நேராக ஒரு மாட்டுக்கொட்டகைக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

அப்படிப்பட்ட வண்டிக்குப் பவர் ஸ்டீயரிங் வைக்கவேண்டிய கட்டாயம் வந்தது. சடையாண்டிக்குத் தோள்பட்டை இறங்கிப்போனது. அக்காள் மகள் கல்யாணமோ வெள்ளிக்கிழமை. மலையடிவாரக் கோயிலில், ஒன்பது மணிக்குள் முகூர்த்தம். தாய்மாமன் சீரோடு வந்து நின்றால்தான் தாலி ஏறும். அவன் வராவிட்டால் பெரியப்பன் மகன் வெயிலுமுத்து அந்த இடத்தில் நின்று மாலை போட்டுவிடுவான். அவனும் தாய்மாமன் முறைதான். பதினைந்து நாளாகவே வேட்டிக்குக் கஞ்சி போட்டுக் காத்திருக்கிறான்.

அடிவாரத்து மெக்கானிக் அந்தோணிச்சாமி மேலே வந்து, பழைய ஸ்டீயரிங் பெட்டியைக் கழற்றிப் புதுப் பெட்டியையும் பம்பையும் மாட்டினார். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

"மிச்சம் சின்ன வேலைதான். இன்ஜினை ஓடவிட்டு இந்த டப்பாவுல எண்ணெய் ஊத்துங்க. குமிழி நிக்கிறவரைக்கும் ஸ்டீயரிங்கை இங்கிட்டும் அங்கிட்டும் திருப்புங்க. அப்புறம் பாருங்க, ஒத்தை விரல்ல வளைக்கலாம்" என்று ஓடிக்கொண்டே சொன்னார்.

மூவரும் அப்படியே செய்தார்கள். ஆனால் டப்பாவுக்குள் குமிழியே வரவில்லை.

"வராத குமிழி எப்படி மச்சான் நிக்கும்?" என்றான் மொக்கையன்.

நியாயமான கேள்வி. கடைசியில் ஒச்சப்பன் ஒரு பப்பாளித் தண்டை ஒடித்து வந்து டப்பாவுக்குள் விட்டு ஊதினான். நல்ல குமிழி வந்தது. சடையாண்டி திருப்பினான். அவன் திருப்பத் திருப்ப இவன் ஊதினான். பொழுது சாயும் நேரத்தில் ஒச்சப்பனுக்கு மூச்சு வாங்கியது, குமிழியும் நின்றது. "வேலை முடிஞ்சது" என்று மூவரும் கை கழுவினார்கள். மேட்டுத் தெருவில் ஏற்றிப் பார்த்தார்கள். ஒற்றை விரலுக்கு வண்டி பூனைக்குட்டி மாதிரி வளைந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குச் சீர்த்தட்டுகள் ஏறின. ஊர் எல்லையில் இறக்கம் தொடங்கியதும் சடையாண்டி வழக்கம்போல இன்ஜினை நிறுத்தினான். கரட்டுமேட்டில் பாட்டன் காலத்திலிருந்து அதுதான் வழக்கம். தானாக உருளும் வண்டிக்கு எவனாவது டீசல் செலவழிப்பானா?

முதல் வளைவு வந்தது. ஆள்காட்டி விரலால் திருப்பினான். அசையவில்லை. கட்டைவிரலைக் கொடுத்தான். மோதிர விரலைக் கொடுத்தான்.

"முழுக்கையால பிடிண்ணே!" என்று ஒச்சப்பன் கத்தினான்.

"ஒத்தை விரல்னுதானடா அந்தோணி சொன்னாரு! எந்த விரல்னு சொல்லாம போயிட்டாரே!"

சுண்டுவிரலுக்கு வருவதற்குள் வண்டி ஒரு மண்மேட்டில் முட்டி நின்றது. நல்லவேளை, தேங்காய்த் தட்டு மட்டும்தான் சரிந்தது.

மூவரும் இறங்கி மண்மேட்டில் உட்கார்ந்து ஆலோசித்தார்கள்.

"நேத்து மேட்டுல ஏறுறப்ப வேலை செஞ்சுச்சா?" என்றான் மொக்கையன்.

"செஞ்சுச்சு."

"இன்னைக்கு இறக்கத்துல?"

"செய்யல."

"அப்ப இது ஏத்தத்துக்கு மட்டும் உள்ள ஸ்டீயரிங்கு மச்சான். இறக்கத்துக்குத் தனியா வாங்கணும் போல."

சடையாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது. "மணி ஏழரை ஆச்சேடா! வெயிலுமுத்து மாலையைப் பிரிச்சிருப்பான்!"

ஒச்சப்பன் தாடையைச் சொறிந்தான். "அண்ணே, வண்டி மூஞ்சியை மேட்டுப் பக்கம் திருப்பி வச்சிட்டா? வண்டிக்கு நாம ஏறுறோம்னுதான தோணும்?"

இன்ஜினைப் போட்டு, வண்டியை மேட்டைப் பார்க்கத் திருப்பினார்கள். என்ன ஆச்சரியம்! ஸ்டீயரிங் மறுபடி பூனைக்குட்டி. சடையாண்டி ரிவர்ஸ் போட்டான். வண்டி ஏற்றத்தைப் பார்த்து இருந்ததால் இன்ஜினை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. வண்டியின் பின்பக்கம் ஏறி நின்று மொக்கையன் "இடது! வலது! ஆடு வருது, ஆடு!" என்று குரல் கொடுக்க, ஒன்பது வளைவையும் ஒற்றை விரலால் பின்பக்கமாகவே இறங்கினார்கள். எதிரே ஏறி வந்த பஸ்ஸின் டிரைவர், தன் வண்டிதான் தவறான திசையில் போகிறதோ என்று நிறுத்தி, போர்டை இறங்கிப் பார்த்துக்கொண்டார்.

எட்டே முக்காலுக்கு வண்டி முதுகைக் காட்டிக்கொண்டு பந்தலுக்கு முன் நின்றது. வெயிலுமுத்து கையில் மாலையோடு ஓடி வந்தான்.

"நில்லு! வண்டி மூஞ்சி எங்க பாக்குது? ஊரைப் பாத்து நிக்குது. இது சீர் கொண்டாந்த வண்டியா, திருப்பிக் கொண்டுபோற வண்டியா? ஒரு தட்டை இறக்கக் கூடாது!"

பெரியவர்கள் யோசித்தார்கள். ஆமாம், குற்றம்தான்.

"அதுக்கென்ன, ஒத்தை விரல்ல திருப்பிடுறேன்" என்றான் சடையாண்டி.

"அசைக்காதே! வாசலுக்கு வந்த சீர்வண்டி, சீரை இறக்காம ஒரு அடி நகர்ந்தாலும் ஆகாது!" என்று மறித்தான் வெயிலுமுத்து.

அதுவும் சரிதான். இறக்காமல் திருப்பக் கூடாது. திருப்பாமல் இறக்கக் கூடாது. மணி எட்டு ஐம்பது. மணப்பெண் மணவறையிலிருந்தே, "ஏதாச்சும் பண்ணு மாமா!" என்று அழுதாள். ஐயர் மந்திரத்தை மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்.

மொக்கையன் வண்டியைச் சுற்றி வந்தான். பந்தலைச் சுற்றி வந்தான். ஒரு மூங்கிலை ஆட்டிப் பார்த்தான்.

"மச்சான், வண்டி நகரக் கூடாதுன்னுதான சொன்னாரு. பந்தல் நகரக் கூடாதுன்னு சொல்லலையே?"

பதினாறு பேர் பந்தல்காலைப் பிடுங்கித் தோளில் வைத்தார்கள். எட்டுப் பேர் மணப்பெண்ணையும் மாப்பிள்ளையையும் மணவறைப் பலகையோடு தூக்கினார்கள். ஐயர் ஹோமகுண்டத்தை இடுக்கியால் பிடித்துக்கொண்டு, மந்திரம் விட்டுப்போகாமல் கூடவே நடந்தார். மேளக்காரர்கள் வாசித்துக்கொண்டே வழிகாட்ட, கல்யாணம் முழுவதும் வண்டியைச் சுற்றிப் போய் அதன் மூஞ்சிக்கு முன்னால் உட்கார்ந்தது. இப்போது வண்டி பந்தலைப் பார்த்து நேராக வந்து நின்ற வண்டி. வெயிலுமுத்து மாலையைக் கீழே வைத்தான், சீர்த்தட்டுகள் இறங்கின.

ஒன்பதுக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது சடையாண்டி மாலை போட்டான், தாலி ஏறியது. கூட்டத்தில் நின்ற அந்தோணிச்சாமியை அவன் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டான்.

"அண்ணே, ஒத்தை விரல்னு சொன்னீங்களே, அதுகூட வேண்டியதில்லண்ணே! ஸ்டீயரிங்கைத் தொடவே இல்ல, கல்யாணமே திரும்பிருச்சு!"