கித்தார்ச் சங்கிலியும் எட்டுப் படி பாலும்

ஒரே ஒரு ஊர்ல, ஆறு கடல்ல போய் விழுற இடத்துல, சங்கிலின்னு ஒருத்தன் ஏர் ஓட்டிப் பிழைச்சான். பெண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை. கருவாயன், மொட்டையன்னு ரெண்டு எருமைக் கடா மட்டுந்தான் சொந்தம்.

ஒரு நாள் கப்பல்காரன் ஒருத்தன் தாகம்னு வந்தான். சங்கிலி இளநீ வெட்டிக் குடுத்தான். ஒண்ணு குடிச்சான், தாகம் தீரல. ரெண்டு குடிச்சான், தீரல. மூணாவதைக் குடிச்சிட்டுச் சிரிச்சான். சிரிச்சிட்டு, தோள்ல கிடந்த கித்தாரைக் கழட்டிக் குடுத்துட்டுப் போயிட்டான். சங்கிலிக்கு அதை எங்க பிடிக்கிறதுன்னுகூடத் தெரியாது. ஆணியில மாட்டி வச்சிட்டான்.

அப்புறம் மழை வந்துச்சு, வெள்ளம் வந்துச்சு, கருவாயனை ஆறு கொண்டுபோயிருச்சு. சங்கிலி அழுதான், அழுதான், அழுதுகிட்டே எந்திரிச்சதுல எண்ணெய்ப் புட்டி விழுந்து உடைஞ்சுது. புட்டியோட கழுத்தை எடுத்து, சும்மா, சுண்டுவிரல்ல மாட்டிக்கிட்டு, கித்தார்த் தந்தி மேல ஒரு இழுப்பு இழுத்தான். அடடா! அச்சு அசலா கருவாயன் கத்துற சத்தம்!

உடனே பாட்டு வந்துருச்சு:

என் எருமை போச்சே, ஆத்தோட போச்சே,
என் எருமை போச்சே, ஆத்தோட போச்சே,
நுகத்தடிக்கு மறுபக்கம் நானே எருமை ஆனேனே!

ஊரு கூடிருச்சு. செத்த வீட்டுக்குப் போனா என்ன செய்வோம்? துக்கம் விசாரிப்போம்ல? அப்படியே விசாரிச்சாங்க. "எப்படிப்பா போச்சு? நல்ல மாடாச்சே!" சங்கிலி சொன்னான், சொல்லும்போதே சிரிச்சான். "போன வருசம் என் வேட்டியைத் தின்னுட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி நின்னான், திருட்டுப்பய!" ஊரே சிரிச்சுது.

அதுல இருந்து அதுவே அந்த ஊர் வழக்கமாச்சு. துக்கத்தை ரெண்டு தடவை பாடணும், மூணாவது அடியில தன்னைப் பாத்துத் தானே சிரிக்கணும், பாடி முடிச்சதும் மத்தவங்க துக்கம் விசாரிக்கணும். கோழியை நரிக்குக் குடுத்த பொன்னாத்தா பாடினா. மருமகனுக்குப் பயந்த மாமனார் பாடினார். அழுதுட்டு வந்தவங்க எல்லாம் ஆடிக்கிட்டுப் போனாங்க.

இந்தச் சேதி அரண்மனை வித்துவான் அம்பலவாணர் காதுக்குப் போச்சு. அவருக்கு வயித்தெரிச்சல். வைக்கோல் போருக்குப் பின்னால ஒளிஞ்சு ஒரு நாள் கேட்டார், ரெண்டு நாள் கேட்டார், மூணாம் நாள் பாட்டு மனப்பாடம். பாட்டு முடிஞ்சதுமே நழுவிருவார், துக்கம் விசாரிக்கிறதைக் கேக்க நிக்க மாட்டார். நாலாம் நாள் சங்கிலி ஆத்துல முங்கி எந்திரிக்கிறதுக்குள்ள, கரையில இருந்த கித்தாரையும் புட்டிக் கழுத்தையும் தூக்கிக்கிட்டு ஒரே ஓட்டம். சங்கிலி ஈர வேட்டியோட பின்னாலயே ஓடினான். ஊரும் ஓடுச்சு. ஓட்டம் ராசா முன்னாடி போய் நின்னுச்சு.

"கித்தாரும் என்னது, பாட்டும் என்னது"ன்னார் வித்துவான்.

"ரெண்டும் என்னது சாமி"ன்னான் சங்கிலி.

ராசா மீசையைத் தடவினார். "பாடிக் காட்டுங்க. பொய் சொன்னவன் இனிமே ஆயுசுக்கும் தந்தியைத் தொடக் கூடாது."

கருவாயன் குரல் இப்ப அந்தக் கித்தார்ல மட்டுந்தானே இருக்கு? அதுவும் போச்சுன்னா?

வித்துவான் முதல்ல பாடினார். என்ன குரல்! என்ன குழைவு! ராசாவே தலையாட்டிட்டார். "இப்ப நீ பாடுறியாடா?"

சங்கிலி கும்பிட்டான். "அப்புறம் பாடுறேன் சாமி. அய்யா வீட்டுல எருமை போச்சாமே, முதல்ல துக்கம் விசாரிச்சுக்கிறேன். அய்யா, எருமை என்ன நிறம்?"

"இது ஒரு கேள்வியா? கறுப்பு."

"கொம்பு எத்தனை?"

"ரெண்டுதான்டா!"

"பாவமே! வீட்டுக்கு ரொம்ப ஒத்தாசையோ?"

வித்துவான் துண்டால கண்ணைத் துடைச்சுக்கிட்டார். "அதை ஏன் கேக்குற! காலையில நாலு படி, சாயங்காலம் நாலு படி, எட்டுப் படி பால் கறந்த மகராசி!"

பொன்னாத்தாதான் முதல்ல சிரிச்சா. "அடி ஆத்தீ! நுகத்தடியில பூட்டுன கடாவுல பால் கறந்தவரு இவரு ஒருத்தர்தான்!" காவக்காரன் சிரிச்சான், மந்திரி சிரிச்சார், ராசா சிரிச்சுச் சிரிச்சுக் கிரீடமே கழண்டு விழுந்துருச்சு.

கித்தார் சங்கிலி கைக்கு வந்துச்சு. வித்துவானுக்கு என்ன தண்டனை தெரியுமா? தந்தியைத் தொடக் கூடாது. அதோட, மொட்டையனைத் தினமும் மேய்ச்சு, குளிப்பாட்டி, விடிஞ்சா ஒரு செம்போட பால் கறக்க உக்காரணும்!

முதல் நாள் செம்பு போச்சு. ரெண்டாம் நாள் பல்லு போச்சு. மூணாம் நாள் அவரே நொண்டிக்கிட்டு வந்து, தந்தி இல்லாம, குரல் உடைஞ்சு பாடினார்:

எருமை உதைச்சுதே, என்னை உதைச்சுதே,
எருமை உதைச்சுதே, என்னை உதைச்சுதே,
எட்டுப் படி கேட்டவனுக்கு எட்டு உதை தந்துச்சே!

"எங்க உதைச்சுது அய்யா?"ன்னு சங்கிலிதான் முதல்ல விசாரிச்சான். அவர் காட்டுன இடத்தை நான் சொல்ல மாட்டேன். "இப்பத்தான் அய்யா இது உங்க பாட்டு"ன்னு சொல்லி, சங்கிலி அதுக்குக் கித்தார் இழுத்தான்.

சங்கிலி ரொம்ப காலம் வாழ்ந்து போய்ச் சேர்ந்தான். அன்னிக்கும் ஊரு அவனைப் பத்தி ரெண்டு அடி அழுது, மூணாவது அடியில சிரிச்சுச்சாம். அந்தக் கித்தார் இன்னும் ஊர்ச் சாவடியில தொங்குது. யார் வேணா எடுத்து இழுக்கலாம். ஆனா விசாரிச்சா உண்மையைச் சொல்லணும்.

இரவல் துக்கத்துல பால் சுரக்காது. கடா கொட்டிலுக்குப் போச்சு, கதை கண்ணுக்குள்ள போச்சு, படுங்க.